ஐக்லர் வீட்டு கராஜ்: தரையைத் துளைக்கும் முன்

கலிஃபோர்னியாவில் 1950-களில் ஜோசஃப் ஐக்லர் கட்டிய வீடு ஒன்றின் கராஜில், காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வைக்க ஆசையா? முதலில் கூரையைப் பாருங்கள். பெரும்பாலும் தட்டைக் கூரை; உயரமும் 8 அடிக்கு அருகில்தான். இரட்டைத் தூண் லிஃப்ட் 11, 12 அடி கேட்கும். கத்தரிக்கோல் போல மடிந்து விரியும் தாழ்வான சிஸர் லிஃப்டே போதும். உத்தரத்தை வெட்டும் யோசனை மட்டும் வேண்டாம், கூரையைத் தாங்குவதே அதுதான்.

அடுத்தது தரை. வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் தரைக் கான்கிரீட்டுக்குள் ஓடும். துளையிடுமுன் ஹீட்டரை ஓடவிட்டு, வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் தெரியும் தடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். பழைய 9 அங்குலத் தரை ஓடுகளும் அவற்றின் அடியில் கறுப்புப் பசையும் இருந்தால் சுரண்டாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதனைக்குக் கொடுங்கள்.

தரைக்கு எப்பாக்ஸி என்ற கெட்டிப் பூச்சு பூசுவோர் பலர் கோட்டைவிடுவது ஈரத்தில். 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ, ஈரத்தடுப்பு பிரைமர் இல்லாமல் பூசக் கூடாது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் எண்ணெய்க் கறை போகாது. கறையை டிகிரீசரால் (எண்ணெய் நீக்கியால்) எடுத்துவிட்டு, வைரத் தட்டு கிரைண்டரால் தரையைத் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சூடான டயர் நின்ற இடத்தில் பூச்சு டயரோடு உரிந்து வந்துவிடும்.