கொடைக்கு முளைப்பாரி போடும் முறை

அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு, மழை வேண்டிச் சட்டியில் பயறு முளைக்கவைத்து எடுக்கும் பயிர்தான் முளைப்பாரி. செவ்வாய்க்கிழமை கொடை என்றால் முந்தின செவ்வாய், பந்தக்கால் நடும் கால்நாட்டு அன்றைக்கே பாரி போட்டாக வேண்டும். அதற்கு முதல் நாள் திங்கள் காலையில் பயறு தண்ணீரில் கிடக்க வேண்டும். பாரி குட்டையாக நின்றுவிட்டது என்று கடைசி நாளில் கையைப் பிசைபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தவறியிருப்பார்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் முளை வேகமாக ஓடும். மழை மூட்டமான நாட்களில் ஒரு நாள் முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.

வாய் ஓரடி அகலமுள்ள சட்டி ஒன்றுக்கு நூறு கிராம் சிறுபயறும் ஐம்பது கிராம் தட்டாம்பயறும் போதும். சாஸ்திரத்துக்கு ஒரு பிடி நெல்லும் சேர்க்கலாம். ஆனால் நெல் மெதுவாக முளைக்கும் என்பதால் அதை ஒரு நாள் முந்தியே தனியாக ஊறப்போட வேண்டும். நவதானியம் அத்தனையையும் ஒரே சட்டியில் கொட்டினால் ஒன்று நெடுநெடுவென்று நிற்கும், ஒன்று தரையோடு கிடக்கும். பளபளப்புக்காக எண்ணெய் தடவிய பயறு வேண்டாம். வண்டு துளைத்ததும் ஆகாது. சந்தேகமிருந்தால் பத்து மணிகளை ஈரத்துணியில் முடிந்து இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். குறைந்தது எட்டு முளைக்காவிட்டால் வேறு பயறு வாங்குங்கள்.

எட்டு மணி நேரம் ஊறிய பிறகு தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். விதைக்க அதுதான் பதம். ஊறாமல் கல்லு மாதிரி கிடப்பவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். முளை விரல்கட்டை நீளம் வளர விட்டுவிட்டால் தூவும்போதே ஒடியும், ஒடிந்தது அழுகும்.

மண்சட்டியோ ஓலைப்பெட்டியோ, அடியில் தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும். சட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு, இரண்டு விரல் உயரத்துக்கு வைக்கோலை மிதித்துப் பரப்புங்கள். மேலே மக்கிய சாணி எருவையும் கரம்பை மண்ணையும் சரிபாதி கலந்து, சலித்து, நாலு விரல் உயரம் போடுங்கள். ஆட்டுப் புழுக்கை என்றால் நன்றாகக் காய்ந்ததைப் பொடித்துச் சேர்க்கலாம். பச்சைச் சாணி மட்டும் கூடவே கூடாது. அது மக்கும்போது சூடு கிளம்பி வேர் வெந்துவிடும், புழுவும் வைக்கும். மண்ணை நனைத்துவிட்டு, மணியோடு மணி ஒட்டுகிற நெருக்கத்தில் பயறைப் பரப்பி, மேலே அரை விரல் கனத்துக்கு எருப்பொடி தூவுங்கள்.

மழைக்காக விதைத்துக் கும்பிடுவது நம்மோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் பாந்து மொழி பேசும் ஜூலு மக்களுக்கு மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய பெண்தெய்வம் நொம்குபுல்வானா. ஊரைவிட்டுத் தள்ளிப் புல்வெளியில் பெண்கள் அவளுக்கென்று ஒரு துண்டு நிலத்தில் விதைத்து, பீர் வார்த்துவிட்டு வருவார்கள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சடங்கு நாளில் குமரிப்பெண்கள் ஆண் உடுப்பு போட்டு மாடு மேய்ப்பதும் உண்டு. அவள் பயிர் வெட்டவெளியில் தன்பாட்டுக்கு நிற்கும். நம் அம்மன் பயிருக்கு இருட்டறையும் இரு வேளைத் தண்ணீரும் வேண்டும்.

இருட்டு எதற்கு? வெளிச்சம் படாத முளைக்குப் பச்சையம் பிடிக்காது. வெளிச்சத்தைத் தேடித் தண்டு மட்டும் நீண்டுகொண்டே போகும். அந்த வெளிறிய மஞ்சள்தான் பாரிக்கு அழகு. ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணியுங்கள். ஒரு பக்கம் வெளிச்சம் கசிந்தாலும் பயிர் முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். டியூப் லைட் போடாதீர்கள். அவசரத்துக்கு அகல் விளக்கு போதும்.

காலையும் மாலையும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையால் தெளியுங்கள். சொம்பைக் கவிழ்த்து ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கும். அடி ஓட்டையில் விரல் வைத்தால் ஈரம் தட்டுப்பட வேண்டும், சொட்டக் கூடாது. நாலாம் நாள் புளித்த வாடை அடித்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஒரு வேளை தெளிப்பதை நிறுத்தி, அழுகிய கொத்தை மண்ணோடு கிள்ளி எடுங்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் சரியாகும் என்பார்கள். அதுவும் தண்ணீர்தானே, அழுகல் கூடத்தான் செய்யும்.

எலிதான் பெரிய எதிரி. முதல் மூன்று நாள் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வையுங்கள். அதற்குமேல் பயிர் கூடையை முட்டும் என்பதால் சட்டியை உறியில் தூக்கிவிடலாம்.

ஆறாம் நாள் பயிர் தள்ளாடத் தொடங்கும். பாதி உயரத்தில் வெள்ளை நூலை வளையமாகத் தளரச் சுற்றுங்கள். இறுக்கினால் நூல் பட்ட இடத்தில் தண்டு மடங்கும். எட்டாம் நாள் முக்கால் அடிக்குக் குறையாமல் நிற்கும். எடுக்கிற அன்று காலைத் தண்ணீரைப் பாதியாக்குங்கள், தலையில் பாரம் குறையும். கும்மி முடியும்வரை நிழலில் வையுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் நுனி துவண்டுவிடும்.

தாமிரபரணியிலோ ஊர்க் குளத்திலோ கரைக்கும்போது பயிரை வேரோடு பெயர்த்து விட்டால் போதும். பிளாஸ்டிக் பூவையும் ஜரிகையையும் படித்துறையிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். சட்டியும் பெட்டியும் வீட்டுக்குத் திரும்பட்டும். ஓலைப்பெட்டியைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைக்காமல் பரணில் ஏற்றினால் அடுத்த கொடைக்குள் பூசணம் பிடித்து அடி இற்றுப்போயிருக்கும்.