முதுகுக்குப் பின்னால் பாடும் சிறுவர்கள்: கேட்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வியன்னாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹோஃப்பர்க் அரண்மனையின் சிற்றாலயத்தில் காலை ஒன்பதேகால் மணிக்குத் திருப்பலி, அதாவது கத்தோலிக்கப் பூசை, தொடங்கியது. வியன்னா சிறுவர் பாடகர் குழு பாடுகிறது என்று தெரிந்துதான் போயிருந்தேன். ஆனால் மாலுமிச் சட்டை போட்ட ஒரு பையனைக்கூடக் காணவில்லை. கழுத்தை இந்தப் பக்கம் நீட்டினேன், அந்தப் பக்கம் நீட்டினேன். அதற்குள் எனக்குப் பின்னால், தலைக்கு மேலேயிருந்து 'கிரியே எலேய்சோன்' என்று குரல்கள் இறங்கின. மேலே மாடத்தில் நின்று பாடுகிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். பக்கத்தில் ஒரு வயதான அம்மையார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நானோ தேர் பார்க்க வந்த பிள்ளை மாதிரி அண்ணாந்து திரும்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திருப்பலியில் பாதி எனக்கு இப்படித்தான் வீணாயிற்று. சிறுவர் குழுக்களின் இசையைக் கேட்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன: கேட்கப் போகிற இடத்துக்குப் பார்க்கப் போவதாக நினைத்துக்கொண்டு கிளம்புவது.

பூசையா, கச்சேரியா?

கையில் இருக்கும் டிக்கெட் எதற்கு என்று முதலில் தெளிவாக வேண்டும். இந்தக் குழுக்களில் பழையவை எதுவும் மேடைக்காகப் பிறந்தவை அல்ல. 1498இல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் தம் அரசவை இசைக்குழுவை வியன்னாவில் அமைத்தபோது அதில் சிறுவர்களையும் சேர்த்தார். கோயிலில் பெண்கள் பாட வழியில்லாத காலம் அது. மேல் ஸ்தாயிக்குச் சிறுவர்களே கதி. 1918இல் முடியாட்சி விழுந்ததோடு படியளந்த கையும் போயிற்று. 1924இல் யோசெஃப் ஷ்னிட் என்ற பாதிரியார் குழுவை மீண்டும் தொடங்கினார். அரசவைச் சீருடைக்குப் பதிலாக மாலுமிச் சட்டை வந்தது அப்போதுதான். பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் வேண்டுமே என்று 1926 முதல் வெளியூர்க் கச்சேரிகளும் வந்தன. ஆக, நாம் அரங்கில் பார்க்கும் கச்சேரிக்கு வயது நூறு. கோயில் பாட்டுக்கு ஐந்நூறுக்கு மேல்.

சிற்றாலயத்தில் நடப்பது முழுமையான வழிபாடு. டிக்கெட் விற்கிறார்கள் என்பதற்காக அது கச்சேரி ஆகிவிடாது. மொசார்ட்டோ ஹைடனோ ஷூபெர்ட்டோ எழுதிய ஒரு திருப்பலி இசையைப் பாடுவார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து ஒரே மூச்சில் பாடமாட்டார்கள். கிரியே, குளோரியா முடிந்ததும் வேத வாசகம். அப்புறம் ஜெர்மன் மொழியில் பிரசங்கம். பிறகுதான் அடுத்த பகுதி. இருபத்தைந்து நிமிட இசை ஒரு மணி நேரத்துக்கு மேல் பரவி வரும். 'எப்போதுதான் பாடுவார்கள்' என்று கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் இது தெரியாமல் வந்தவர்கள்.

கைதட்டக் கூடாது. நம் சபாவில் ஒரு நல்ல சங்கதி விழுந்தால் 'சபாஷ்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். நற்கருணை அப்பம் வழங்கும் நேரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. மக்கள் எழுந்து வரிசையாகப் பீடத்தை நோக்கிப் போவார்கள். கோயில் பிரசாதம் வாங்கிப் பழகிய கால் தானாக எழுந்துவிடும். நானும் எழுந்து இரண்டடி வைத்துவிட்டேன்; என் மனைவி சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் அந்த அப்பத்தை வாங்கக் கூடாது. இடத்திலேயே இருந்துவிட்டால் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இலத்தீன் புரியாதே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தமிழ்த் திருப்பலிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தத் தயக்கமே தேவையில்லை. கிரியே என்பது 'ஆண்டவரே இரக்கமாயிரும்'. ஆக்னுஸ் டேயி என்பது 'உலகின் பாவம் போக்கும் இறைவனின் செம்மறியே'. மற்றவர்கள் கிரியே, குளோரியா, கிரேதோ, சாங்க்துஸ், பெனெடிக்டுஸ், ஆக்னுஸ் டேயி என்ற ஆறு பெயர்களின் பொருளை முதல்நாள் இரவு படித்துவிட்டுப் போனால் போதும். எந்த இசையமைப்பாளரின் திருப்பலியானாலும் சொற்கள் பெரும்பாலும் இவையேதான். ஒரே கீர்த்தனையைப் பலரிடம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் சுவை உடனே பிடிபடும். ஷூபெர்ட் தம் 18ஆம் வயதில், 1815 மார்ச்சில், ஒரு வாரத்துக்குள் எழுதி முடித்த ஜி மேஜர் திருப்பலி முதலில் கேட்க நல்லது. சிறியது, நேரடியானது.

அரங்கக் கச்சேரி வேறு விஷயம். வியன்னா குழுவுக்கு அவுகார்ட்டன் பூங்காவில் 2012இல் திறந்த சொந்த அரங்கம் இருக்கிறது. ஏறத்தாழ 400 இருக்கைகள். அங்கேயும் சுற்றுப்பயணங்களிலும் கோயில் இசையோடு நாட்டுப்பாடல், ஸ்ட்ராஸின் வால்ட்ஸ், போல்கா என்ற நடன இசை எல்லாம் உண்டு. இங்கே கைதட்டலாம், தட்டவும் வேண்டும். ஆனால் பல பகுதிகள் கொண்ட ஒரு படைப்பின் நடுவே தட்டாதீர்கள். நடத்துநரின் கைகளைக் கவனியுங்கள். அவை உடம்போடு இறங்கிய பிறகுதான் பாட்டு முடிகிறது. கடைசிச் சுரம் அடங்கிய பின் வரும் அந்த இரண்டு விநாடி மௌனத்தையும் சேர்த்துத்தான் அவர்கள் பயிற்சி செய்திருக்கிறார்கள். 'எனக்கு முடிவு தெரியும்' என்று காட்டிக்கொள்ள முந்தித் தட்டுபவர் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருக்கிறார்.

எல்லாக் குழுவும் ஒன்றல்ல

வியன்னாவில் கேட்ட ஒலியை ஜெர்மனியின் லைப்ஸிக்கில் எதிர்பார்ப்பதும், அதை லண்டனில் தேடுவதும் அடுத்த தவறு. வியன்னாவில் பாடும் பிள்ளைகள் ஏறத்தாழ 9 முதல் 14 வயதுக்குள் இருப்பவர்கள்; பெண்குரலுக்குச் சமமான மேல் சுருதிகள் மட்டுமே அவர்களுடையவை. திருப்பலியில் கீழ்க்குரல்களை வியன்னா அரசு ஓபராவின் ஆண் பாடகர்கள் பாடுகிறார்கள். வாத்தியம் வியன்னா ஃபில்ஹார்மோனிக் கலைஞர்களுடையது. லைப்ஸிக்கின் புனித தோமா ஆலயக் குழுவில் சிறுவர்களோடு, குரல் மாறிய 18 வயதுவரையுள்ள மாணவர்களும் இருக்கிறார்கள். நான்கு குரல்களும் ஒரே விடுதியில் சாப்பிட்டு ஒரே வீட்டில் வளர்ந்தவை. 1212இல் தொடங்கியது அந்தக் குழு. 1723 முதல் 1750இல் இறக்கும்வரை அதைப் பழக்கியவர் இசையமைப்பாளர் பாக். இங்கிலாந்துப் பேராலயங்களிலோ மேல்குரல் மட்டும் சிறுவர்களுடையது. அதற்கு அடுத்த ஆல்டோவைக்கூடப் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களே பொய்க்குரலில் பாடுகிறார்கள். அங்கே சிறுவர் குரல் மெலிந்து, பளிங்குபோல், நடுக்கமில்லாமல் நிற்கும். வியன்னாவில் இன்னும் கொஞ்சம் சதைப்பற்று. எது உயர்வு என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். என் காதுக்கு லைப்ஸிக்.

இன்னொன்று: வியன்னா சிறுவர் குழு என்பது ஒரு குழு அல்ல. சுமார் நூறு பையன்கள் ப்ருக்னர், ஹைடன், மொசார்ட், ஷூபெர்ட் என்ற பெயர்களில் நான்கு குழுக்களாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒன்று வெளிநாட்டில் இருக்கும்போது இன்னொன்று ஊரில் பாடும். இணையத்தில் பார்த்த அந்தப் பையன் வருவான் என்று நம்பிப் போகாதீர்கள்.

எங்கே உட்காருவது

முன் வரிசைதான் சிறந்தது என்று கூடுதல் பணம் கொடுப்பது நம் சினிமாப் பழக்கம்கூட அல்ல. நாம் சினிமாவில் பின்னால்தானே உட்காருகிறோம்! கல் கட்டிய உயரமான ஆலயத்தில் குரல் மேலே போய்க் கலந்து கீழே இறங்குவதற்குத் தூரம் வேண்டும். நடுப்பகுதியில் உட்காருங்கள்.

லைப்ஸிக்கில் இன்னும் வேடிக்கை. பாக்கின் கல்லறை பீடத்துப் பக்கம் தரையில் இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் அதன் அருகில் இடம் பிடிக்க ஓடுகிறார்கள். குழுவோ நேர் எதிர்க்கோடியில், மேற்கு மாடத்தில், ஆர்கனுக்கு முன்னால் நிற்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கும் அங்கே 'மோட்டெட்' என்ற பாட்டு வழிபாடு நடக்கும். நிகழ்ச்சித் தாளை வாங்குவதே நுழைவுச் சீட்டு. இருக்கை எண் கிடையாது. முக்கால் மணி நேரம் முன்பே கதவு திறக்கும்போது போய்விட வேண்டும். தாளில் ஒரு பாடல் சபையாருக்கென்று அச்சாகியிருக்கும். அதை எல்லோரும் பாடுவார்கள், நீங்களும் முணுமுணுக்கலாம்.

இங்கிலாந்தில் மாலை ஆராதனைக்குக் கட்டணமே இல்லை. சீக்கிரம் போனால் குழுவின் பக்கத்திலேயே, எதிரெதிராகப் போட்டிருக்கும் மர இருக்கைகளில் இடம் கிடைப்பதும் உண்டு. குழு இரண்டு பாதியாகப் பிரிந்து எதிரெதிரே நின்று விவிலியத்தின் சங்கீதங்களை மாற்றி மாற்றிப் பாடும். பெருமாள் கோயிலில் கோஷ்டி இரண்டாகப் பிரிந்து பிரபந்தம் சேவிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்த அலையடிப்பு பழகியதாகவே இருக்கும். கட்டணம் இல்லையே என்று இடையில் எழுந்து போகாதீர்கள். முக்கால் மணி நேரம்தான்.

நாளும் டிக்கெட்டும்

பள்ளி விடுமுறையில் சிறுவர்களும் விடுமுறையில் இருப்பார்கள். இவ்வளவு சின்ன உண்மையை மறந்து ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பா போய் ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று குடும்பங்கள். ஹோஃப்பர்க் சிற்றாலயத் திருப்பலிகள் செப்டம்பர் நடுவிலிருந்து ஜூன்வரைதான். நம் மே மாத விடுமுறை இதற்குத் தோதானது. இங்கிலாந்தில் சில நாள்களில் ஆண்கள் மட்டும் பாடுவார்கள், பல பேராலயங்களில் சிறுமியர் குழு முறைவைத்துப் பாடும். யார் பாடுகிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்ற பட்டியலை ஆலயமே முன்கூட்டி வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் பயணத்தேதியை முடிவு செய்யாதீர்கள்.

வியன்னாத் தெருவில் மொசார்ட் வேடமிட்டு, வெள்ளை டோப்பாவோடு டிக்கெட் விற்பவர்கள் விற்பது பயணிகளுக்கான வேறு கச்சேரிகளை. மறுவிற்பனைத் தளம் ஒன்றில் நான் இரட்டிப்பு விலை கொடுத்துவிட்டு, சிற்றாலயத்தில் கட்டணமில்லாமல் நிற்கவும் இடம் உண்டு என்பதை வாசலில்தான் அறிந்தேன்.

பிள்ளைகள்தானே என்று நினைப்பது

'ஐயோ, எவ்வளவு அழகு!' என்று செல்பேசியைத் தூக்குவது எல்லாவற்றிலும் மோசம். வழிபாட்டில் படமெடுக்கக் கூடாது. அரங்கிலும் தடை உண்டு. இவர்கள் யாரோ ஒருவருடைய பிள்ளைகள் என்பதே போதுமான காரணம். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது கன்னத்தைக் கிள்ளப் போவது நம் ஊர்ப் பாசம். அங்கே அது அத்துமீறல்.

அழகு பார்ப்பதில் காது மூடிப்போகிறது என்பது என் பெரிய குறை. இவர்கள் தொழில்முறைப் பாடகர்களுக்கு இணையாக உழைக்கிறார்கள். அதைக் கேட்டுப் பிடிக்க ஓர் எளிய வழி சொல்கிறேன். 'பெனெடிக்டுஸ்' என்ற சொல்லின் கடைசி 'ஸ்' வரும்வரை காத்திருங்கள். பழகாத குழுவில் அது குக்கரில் ஆவி கசிவதுபோல் ஆளுக்கொரு நேரத்தில் வரும். நல்ல குழுவில் இருபத்தைந்து பையன்களின் 'ஸ்' ஒரே கணத்தில் விழும், சுவர்க்கடிகார முள் நகரும் ஓசையளவுக்கு. சொல்லின் முடிவைக் கேட்கத் தொடங்கினால் அடுத்துத் தொடக்கத்தையும் கேட்பீர்கள். பாடுவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து இழுக்கும் அந்த மூச்சு தெரியும். நட்சத்திரக் குரல் எது என்று தேடுவது தானாக நின்றுவிடும். இந்தக் கலையின் சாமர்த்தியமே எந்தக் குரலும் தனியாகத் தெரியாமல் இருப்பதுதான்.

பழைய ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு 'முன்போல் இல்லை' என்று உதடு பிதுக்குவதும் உண்டு. முன்போல் எப்படி இருக்கும்? நம் பாய்ஸ் நாடகக் கம்பெனிக்காரர்கள் அஞ்சி நடுங்கிய அதே மகரக்கட்டு, அதாவது குரல் உடைவது, இங்கேயும் வருகிறது. பாக் காலத்தில் பதினாறு, பதினேழு வயதுவரை தாக்குப்பிடித்த குரல் இப்போது பதின்மூன்றிலேயே உடைந்துவிடுகிறது. ஒரு பையனைப் பழக்கி முடிக்கும்போது அவன் போய்விடுகிறான். ஆண்டுதோறும் புதுக் குழு.

ஹைடன் வியன்னாவின் புனித ஸ்டீஃபன் பேராலயத்தில் பாடிய சிறுவர். குரல் உடைந்தபோது, 'அவன் பாடவில்லை, கூவுகிறான்' என்று பேரரசி மரியா தெரேசா குறைசொன்னதாக ஒரு கதை உண்டு. கடைசியில் வேலை போயிற்று. ஷூபெர்ட் அரசவைச் சிற்றாலயக் குழுவில் 1808இல் சேர்ந்தவர். அவர் பாடிய ஒரு திருப்பலிச் சுரத்தாளின் ஓரத்தில், அப்போது அவருக்கு வயது 15, தம் கையால் எழுதி வைத்திருக்கிறார்: 'ஷூபெர்ட் ஃபிரான்ஸ் கடைசி முறையாகக் கூவியது, 1812 ஜூலை 26.'

அன்று திருப்பலி முடிந்ததும் மாடத்திலிருந்து பையன்கள் இறங்கி வந்து பீடத்துக்கு முன்னால் நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். இரண்டாம் வரிசையில் ஒருவனுக்கு ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. பாட்டு என்னவென்று இப்போது நினைவில் இல்லை.