பிடித்த ராக் ஆல்பம், பிடித்த நகைச்சுவை சீசன்: உங்களுக்கான பட்டியலைத் தயாரிக்கும் முறை

திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ராக் ஆல்பம் என்பது தொடக்கத்தில் சற்றுப் பழக்கமில்லாத வடிவமாகவே தோன்றும். ஒரு படத்தின் ஐந்தாறு பாடல்கள் கதையின் வெவ்வேறு கட்டங்களுக்காக உருவாக்கப்படுபவை என்பதால், கேசட்டில் அவை எந்த வரிசையில் வந்தாலும் நாம் பொருட்படுத்துவதில்லை; பிடித்த பாடலை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறோம். நகைச்சுவைத் தொடர்களையும் இப்போது பலர் அவ்வாறே, இரண்டு நிமிடத் துண்டுகளாக, முன்பின் தெரியாமல் பார்க்கிறார்கள். ஆனால் 1960களின் பிற்பகுதியிலிருந்து பல ராக் இசைக்குழுக்கள் ஆல்பத்தை ஒரே படைப்பாகத் திட்டமிட்டன. நகைச்சுவைத் தொடரின் சிறந்த சீசன்களும் அப்படித்தான் எழுதப்பட்டுள்ளன. எனவே, எது நமக்கு மிகவும் பிடித்தது என்பதை அதிலுள்ள மிகச் சிறந்த பாடலையோ எபிசோடையோ வைத்து முடிவு செய்யாமல், முழுமையை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நான் கடைப்பிடிக்கும் முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: எண்ணிக்கையைச் சுருக்குங்கள்

ஐந்து ஆல்பங்கள், மூன்று சீசன்கள் போதும். இரண்டையும் தனித்தனிப் பட்டியல்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு ஓர் ஆல்பம், ஒரு தொடருக்கு ஒரு சீசன் என்ற வரம்பும் தேவை. இல்லாவிட்டால் ஒரே குழு பட்டியல் முழுவதையும் நிரப்பிவிடும்.

என் பட்டியலில் உள்ள ஆல்பங்கள் இவை: பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ (1969), பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973), ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ (1977), தி கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ (1979), ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997). சீசன்கள்: ‘சைன்ஃபெல்ட்’ நான்காவது சீசன், ‘ஃபால்டி டவர்ஸ்’ இரண்டாவது சீசன், ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ மூன்றாவது சீசன். எடுத்துக்காட்டுகள் அனைத்தையும் இவற்றிலிருந்தே தருகிறேன்.

படி 2: முதலில் வெளிவந்த பாடல் வரிசையைக் கண்டுபிடியுங்கள்

இசைச் செயலிகளில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பிற்காலத்தில் கூடுதல் பாடல்கள் சேர்க்கப்பட்ட பதிப்பாகவே இருக்கும். ‘ரூமர்ஸ்’ முதலில் வெளிவந்தபோது அதில் 11 பாடல்கள் இருந்தன. குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸ் எழுதிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ என்ற பாடல், இசைத்தட்டில் இடம் போதாமல் விலக்கப்பட்டது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிடங்களைத் தாண்டினால் ஒலியின் தரம் குறையத் தொடங்கும். அந்தப் பாடலை நடுவில் சேர்த்த மறுபதிப்பும் பின்னர் வந்தது. பாடல் மிக அழகானது. ஆயினும் ‘சாங்பேர்ட்’ அமைதியாக முடிந்த பிறகு ‘தி செயின்’ தொடங்கும்போது ஏற்படும் திடுக்கிடல் அந்தப் பதிப்பில் இல்லாமல் போகிறது. ஆகவே பழைய வரிசையையே கேளுங்கள்.

கேட்பதற்கு முன் செயலியின் அமைப்புகளில் பாடல் வரிசையைக் கலைத்து ஒலிக்கச் செய்யும் ஷஃபிளை நிறுத்திவிடுங்கள். பாடல்களுக்கு இடையே மௌனம் விழாமல் தொடர்ந்து ஒலிக்கும் வசதியை இயக்குங்கள். ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் ஒரு பாடல் அடுத்த பாடலுக்குள் கரைந்து செல்கிறது. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடிகிறது. இடையில் அரை நொடி மௌனம் புகுந்தாலும் அந்த ஓட்டம் அறுந்துவிடும்.

படி 3: முதல் பக்கம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொடக்கநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 1980களின் நடுப்பகுதி வரை ஆல்பங்கள் இரண்டு பக்கங்களாகவே எண்ணப்பட்டன. ‘அபே ரோடு’ ஆல்பத்தின் முதல் பக்கத்தின் கடைசிப் பாடல், கனத்த கிட்டார் சுழற்சி மேலும் மேலும் அழுத்தமாகிக்கொண்டே போய், கத்தரியால் வெட்டியதுபோல் சட்டென்று நின்றுவிடுகிறது. அதன்பின் கேட்பவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளிக்குப் பிறகுதான் ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஹியர் கம்ஸ் தி சன்’ பாடலின் மெல்லிய கிட்டார் ஒலிக்கிறது. செயலியில் இவை இரண்டும் அடுத்தடுத்து ஓடிவிடுவதால், இருளிலிருந்து வெயிலுக்கு வரும் அந்த மாற்றத்தை நாம் உணர்வதே இல்லை. முதல் பக்கம் முடிந்ததும் நீங்களாகவே நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்துத் தொடருங்கள்.

குறுந்தட்டுக் காலத்தில் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ போன்ற ஆல்பங்களுக்கு இது தேவையில்லை. அவற்றை ஒரே மூச்சில் கேட்கலாம்.

படி 4: ஒரே ஆல்பத்தை மூன்று முறை, மூன்று விதமாகக் கேளுங்கள்

முதல் முறை எதையும் குறித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இரண்டாம் முறை ஹெட்போன் அணிந்துகொண்டு, ஒரே ஒரு இசைக்கருவியை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடருங்கள். தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாரைத் தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன், ஏனெனில் பாடல் எங்கே சாய்கிறது, எங்கே நிமிர்கிறது என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. ‘தி செயின்’ பாடலில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குப் பிறகு மற்ற எல்லாம் அடங்கி ஜான் மெக்வியின் பேஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும்.

மூன்றாம் முறை, பாடல் வரிகளையும் ஆல்பம் உருவான பின்னணியையும் படித்துவிட்டுக் கேளுங்கள். ‘ரூமர்ஸ்’ பதிவான காலத்தில் குழுவிலிருந்த ஜான் மெக்வி, கிறிஸ்டின் மெக்வி இணையரின் திருமணம் முறிந்திருந்தது. குழுவின் கிட்டார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்காம், ஸ்டீவி நிக்ஸ் இருவரின் காதலும் முறிந்துகொண்டிருந்தது. ‘கோ யுவர் ஓன் வே’ பாடலை நிக்ஸைப் பற்றித்தான் பக்கிங்காம் எழுதினார். அதிலேயே நிக்ஸ் பின்னணிக் குரல் கொடுத்திருக்கிறார். கிறிஸ்டின் தம் புதிய காதலைப் பற்றி எழுதிய பாடலுக்கு, பிரிந்த கணவரே பேஸ் வாசித்திருக்கிறார். தம்மைக் காயப்படுத்தும் பாடலையும் குறைவின்றி வாசித்துக் கொடுத்த குழுவின் ஐந்து பேரின் ஒழுக்கம் ஒவ்வொரு முறையும் என்னை நெகிழச் செய்கிறது. ஐவரின் பெயரும் ஆசிரியர்களாக இடம்பெற்ற ஒரே பாடல் ‘தி செயின்’ என்பதும், அது இரண்டாம் பக்கத்தின் வாசலில் வைக்கப்பட்டிருப்பதும் இந்த ஆல்பத்தின் நடு முடிச்சு என்று கருதுகிறேன்.

படி 5: சீசனைத் தேர்ந்தெடுக்கும்போது முதலாவதையே பிடித்துக்கொள்ளாதீர்கள்

‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடரின் முதல் சீசன் 2009-இல் வெறும் 6 எபிசோடுகளுடன் வந்தது. அதில் லெஸ்லி நோப் என்ற நாயகியைச் சற்று அறிவிலியாகக் காட்டியது பொருந்தவில்லை. இரண்டாவது சீசனில் அவரைத் திறமையும் பிடிவாதமும் மிக்க அரசு ஊழியராக எழுத்தாளர்கள் மாற்றியமைத்த பிறகே தொடர் உயிர்பெற்றது. 2011-இல் வந்த மூன்றாவது சீசனின் முதல் பாதி, நிதி நெருக்கடியில் மூடப்பட இருந்த துறையை ஓர் அறுவடைத் திருவிழாவால் காப்பாற்றும் முயற்சியைச் சுற்றி நகர்கிறது. சீசனில் மொத்தம் 16 எபிசோடுகளே என்பதால் தளர்வே இல்லை. புதியவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்கலாம்.

பிரிட்டிஷ் தொடர்களின் அளவு வேறு. ஜான் க்ளீஸும் கோனி பூத்தும் இணைந்து எழுதிய ‘ஃபால்டி டவர்ஸ்’ 1975-இல் 6, 1979-இல் 6 என மொத்தமே 12 எபிசோடுகள் கொண்டது. முதல் சீசனே புகழ் பெற்றது என்றாலும் இரண்டாவதையே நான் மேலாக வைக்கிறேன். அதன் முதல் எபிசோடில், குதிரைப் பந்தயத்தில் வென்ற பணத்தை மனைவியிடமிருந்து மறைக்க விடுதி உரிமையாளர் பேசில் சொல்லும் ஒரே ஒரு பொய், காது சரியாகக் கேட்காத ஒரு விருந்தினரின் புகாரோடு சிக்கிக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் அவரை முற்றிலும் முடக்கிவிடுகிறது. தேவையற்ற ஒரு வசனத்தைக்கூட அதில் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

படி 6: நாளொன்றுக்கு இரண்டு எபிசோடுகளுக்கு மேல் பார்க்காதீர்கள்

நகைச்சுவை விரைவில் திகட்டிவிடும். அத்துடன், வாரம் ஒன்றாக ஒளிபரப்புவதற்கு எழுதப்பட்ட தொடர்களில் முந்தைய எபிசோடின் நினைவு சற்று மங்கிய பிறகே அது மீண்டும் எழுப்பப்படும். 1992 முதல் 1993 வரை என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பிய ‘சைன்ஃபெல்ட்’ நான்காவது சீசன் இதற்குத் தக்க சான்று. அதில் முக்கியப் பாத்திரங்களான ஜெர்ரியும் அவரது நண்பர் ஜார்ஜும் ‘எதைப் பற்றியும் அல்லாத’ ஒரு தொடரை என்பிசிக்கே எழுதிக் கொடுக்க முயல்கிறார்கள். சீசனின் கடைசியில் அந்தத் தொடரின் முதல் சோதனை எபிசோடு ஒளிபரப்பாகும்போது, இடையில் வந்துபோன துணைப் பாத்திரங்கள் சிலர் அதைத் தத்தம் இருப்பிடங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிறு துண்டுகளாகப் பார்த்தவருக்கு அந்தக் காட்சியில் சிரிக்க எதுவுமே இராது. ‘சைன்ஃபெல்ட்’ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிடுக்கு எழுத்துக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதைப் பெற்றுத் தந்த ‘தி கான்டெஸ்ட்’ எபிசோடும் இதே சீசனில்தான் உள்ளது. முக்கியப் பாத்திரங்கள் நால்வரும் எதில் போட்டியிடுகிறார்கள் என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் முழு எபிசோடையும் எழுதியிருப்பது வியக்கத்தக்க கட்டுப்பாடு.

படி 7: பலவீனமான இடத்தை எழுதி வைத்த பிறகு தரவரிசைக்குச் செல்லுங்கள்

ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்புகள் போதும்: எது தொடக்கம், எது முடிவு, எதை நீக்கினால் இழப்பு குறைவு. மூன்றாவது குறிப்பை எழுதத்தான் மனம் தயங்கும். ‘லண்டன் காலிங்’ 19 பாடல்கள் கொண்ட, இரண்டு தட்டுகளில் நான்கு பக்கங்களாக வந்த இரட்டை ஆல்பமாக இருந்தும் ஓர் ஆல்பத்தின் விலைக்கே விற்கப்பட்டது என்ற பெருந்தன்மைக்காகவே அதை நேசிக்கிறேன். ஆனாலும் அதன் மூன்றாம் பக்கத்தில் வேகம் தளர்கிறது என்று எழுதத்தான் வேண்டியிருந்தது. ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தில் ‘ஓ டேடி’ சற்றுத் தேங்குகிறது. எனினும் அந்தத் தேக்கத்தை நீக்கினால் இறுதிப் பாடலின் இருள் இவ்வளவு ஆழமாக இறங்காது.

பிறகு இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். ‘இவற்றில் ஒன்றை இனிமேல் கேட்கவே முடியாது என்றால் எதை விட்டுக்கொடுப்பேன்’ என்று கேட்டு, விடையை உடனே எழுதுங்கள். ஐந்து ஆல்பங்களுக்குப் பத்து ஒப்பீடுகள், மூன்று சீசன்களுக்கு மூன்று. அதிக முறை தப்பியது முதலிடம் பெறும். ஆறு மாதங்கள் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் இந்தப் படியை மட்டும் மீண்டும் செய்யுங்கள். முதல் முறை ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என் பட்டியலின் உச்சியில் இருந்தது. இரண்டாம் முறை ‘ரூமர்ஸ்’ அதைக் கடந்தது. சீசன்களில் ‘சைன்ஃபெல்ட்’ இரண்டு முறையும் முதலிடத்திலேயே நின்றது.