மேல்வீட்டுச் சத்தம்: கதவைத் தட்டுவதற்கு முன்னும் பின்னும் செய்யும் தவறுகள்

பெங்களூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு சத்தம் வரும். 'டொம்' என்று ஒரே ஒரு அடி. படுக்கையறைச் சுவர் அதிரும். மேல்வீட்டில் மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் மகன் குடும்பத்தோடு இருந்தார். எழுந்ததும் கனமான எதையோ தரையில் போடுகிறார் என்று நானாக முடிவு கட்டினேன். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு நாள் தூக்கக் கலக்கத்தோடு மேலே போய்க் கதவைத் தட்டிவிட்டேன். "நான் எந்திரிக்கவே ஆறரை ஆயிடும் தம்பி" என்றார். நம்பவில்லை.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக வந்த பிளம்பர்தான் சொன்னார். மேல்தொட்டி நிரம்பி மோட்டார் நிற்கும்போது, குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி இறங்கி, அடியில் இருக்கும் வால்வை அறைந்து மூடுகிறது. அந்தக் குழாய் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி ஏறுகிறது. வால்வை மாற்றினார்கள், சத்தம் நின்றது. மேலே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா காபி கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் அதற்குப் பிறகும் பேரன் ஓடினால், "டேய், மெதுவா நட, கீழ ஆள் இருக்காங்க" என்று அவர் அதட்டுவது ஜன்னல் வழியாகக் கேட்கும். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆக, முதல் தவறு இதுதான்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிவதற்கு முன்பே யார் என்று முடிவு செய்வது. பேச்சு, பாட்டு, டிவி எல்லாம் காற்றில் வருபவை. கதவிடுக்கு, ஜன்னல் வழியாக நுழைவதால் திசை ஓரளவு தெரிந்துவிடும். நாற்காலி இழுப்பது, குதிப்பது, துளை போடுவது, வாஷிங் மெஷின் சுற்றுவது, மோட்டார் ஓடுவது எல்லாம் கட்டடத்தின் உடம்புக்குள்ளேயே பயணம் செய்பவை. கான்கிரீட் தளமும் தூணும் உத்திரமும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், பக்கவாட்டு வீட்டில் விழுந்த அடிகூட நம் தலைக்கு மேல் விழுந்ததுபோலத்தான் கேட்கும். ஒரு வாரம் தேதி, நேரம், எந்த மாதிரிச் சத்தம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதி வையுங்கள். மோட்டார் எப்போது போடுகிறார்கள், டேங்கர் எப்போது வருகிறது என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள். எதிர்வீட்டிலும் கேட்கிறதா என்று விசாரியுங்கள். பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

மேல்வீடுதான் என்று உறுதியான பிறகும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் புகாரைப் போடாதீர்கள். பெயர் சொல்லாமல் "சிலருக்குப் பொறுப்பே இல்லை" என்று எழுதினாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்பது நூறு வீட்டுக்கும் தெரியும். தனியாகச் சொன்னால் திருத்திக்கொள்பவர்கூட, ஊர் பார்க்கத் தலைகுனிந்த பிறகு வீம்புக்குத்தான் நிற்பார். துடைப்பக் கட்டையால் விட்டத்தை இடிப்பதும் அப்படித்தான். மேலே இருப்பவருக்கு இடி மட்டும் கேட்கும், காரணம் கேட்காது.

சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே, ரத்தம் கொதிக்கப் போய்ப் பேச வேண்டாம். மறுநாள் மாலை, அவர்கள் வேலையிலிருந்து வந்து சற்று ஓய்ந்த பிறகு போங்கள். "எப்பப் பாத்தாலும் சத்தம்" என்று ஆரம்பித்தால் பதிலுக்கு உங்கள் வீட்டுக் குக்கர் விசிலும் சபைக்கு வரும். "ராத்திரி பத்தரைக்கு மேல மிக்ஸி ஓடுதுங்க, எங்க பாப்பா அப்பத்தான் கண்ணசருது" என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு வழி சொல்ல அவரால் முடியும். கன்னடக்காரர் வீடு என்றால், "ஸ்வல்ப சவுண்ட் கம்மி மாடி, மகு மலகிதெ" (கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க, குழந்தை தூங்குது) என்று தட்டுத்தடுமாறியாவது சொல்லிப் பாருங்கள். இந்த ஊரில் அந்த நாலு வார்த்தைக்கு நல்ல மரியாதை உண்டு. பேச்சிலர் பசங்க, அந்த ஊர்க்காரங்க, அந்தச் சாப்பாடு சாப்பிடறவங்க என்று ஆளைப் பற்றிப் பேச்சுத் திரும்பிவிட்டால், சத்தத்தைப் பற்றி அப்புறம் யாருமே பேச மாட்டார்கள்.

போனில் டெசிபல் ஆப்பை இறக்கி, அதையே சாட்சியாக நீட்டுவது இன்னொரு தவறு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆனால் அது ஒரு கால அளவுக்குக் கணக்கிடும் சராசரி. மேலே ஒரு குழந்தை தொம்மென்று குதித்தால் நாம் விழித்துவிடுவோம், சராசரியில் அது கரைந்து போகும். அந்த அளவீடு மனிதக் காதுக்கு ஏற்றபடி தாழ்ந்த சுருதி ஒலிகளைக் குறைத்தும் கணக்கிடுகிறது. அதனால் ஸ்பீக்கரின் 'தும் தும்' தரையை நடுக்கினாலும் எண் சிறியதாகவே காட்டும். போன் மைக் அளவுத்திருத்தம் செய்யப்பட்டதும் அல்ல. எண் குறைவாக வந்துவிட்டது என்பதற்காக, புகார் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று அபார்ட்மென்ட் சங்கத்தார் முடிவு கட்டுவதும் அநியாயம்.

சட்டத்தை எடுக்க வேண்டிய இடமும் உண்டு. இரவு பத்துக்கு மேல் பார்ட்டி, டிஜே, திறந்த மொட்டைமாடியில் ஒலிபெருக்கி, நடுராத்திரியில் டிரில்லிங் என்றால் ஒரு முறை செக்யூரிட்டி மூலம் சொல்லுங்கள், நிற்காவிட்டால் 112க்குக் கூப்பிடுங்கள். தனியார் இடத்தில் போடும் ஒலிபெருக்கி, தன் எல்லையில் அந்தப் பகுதியின் வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. ஆனால் நடந்து பழகும் குழந்தைக்கும் ஊன்றுகோல் வைத்து நடக்கும் பெரியவருக்கும் போலீஸைக் கூப்பிடுவதில் பயன் எதுவும் இல்லை, பகைதான் மிஞ்சும். சங்கத்துக்கு எழுதுவதானால் நீங்கள் குறித்து வைத்த தேதி நேரப் பட்டியலை இணைத்து எழுதுங்கள். சத்தம் போடுபவர் வாடகைக்கு இருப்பவர் என்றால் அவர் வீட்டு ஓனருக்கும் ஒரு நகல் போகட்டும். அவர்கள் வீட்டுத் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தச் சொல்லிச் சங்கத்தை நெருக்காதீர்கள். அது சங்கத்தின் வேலை இல்லை, வழக்காகத் திரும்பும்.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மார்கழியில் ஐந்து மணிக்குத் திருப்பாவையைச் சத்தமாக வைக்கிறோம். பக்திதான், ஆனால் ஆறு மணி வரை அது இரவுக் கணக்கு. பக்கத்து பிளாட் பையன் நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருப்பான். கிரைண்டரை வெறும் தரையில் வைத்து ஒரு மணி நேரம் மாவு அரைத்தால், கீழ்வீட்டு விட்டம் முழுக்க முனகும். அடியில் தடிமனான ரப்பர் பாய் போட்டு, சுவரைத் தொடாமல் நகர்த்தி வைத்து, அரைப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். வாஷிங் மெஷின் ஆடினால் நாலு காலையும் திருகி மட்டம் பாருங்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் ஒட்டுங்கள். கொஞ்ச நாளில் அது தேய்ந்தும் உரிந்தும் போகும், அப்போது நமக்குத் தெரியாது, கீழ்வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்.