கார்பனைல் ஆக்சிஜனின் தனித்த ஜோடிகள் எங்கே இருக்கின்றன?

கார்பனைல் தொகுதியை (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இணைந்த C=O) வரையும்போது, ஆக்சிஜனின் தனித்த ஜோடிகளை, அதாவது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகளைக் குறிக்க, அதைச் சுற்றி நான்கு புள்ளிகள் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் கரிம வேதியியலில் பாதி விஷயம் அந்தப் புள்ளிகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது. மிகச் சிறிய கார்பனைல் சேர்மமான ஃபார்மால்டிஹைடை (H₂C=O) வைத்தே பார்த்துவிடலாம்.

படி 1: எலக்ட்ரான் கணக்கு. கார்பனுக்கு 4, ஆக்சிஜனுக்கு 6, இரண்டு ஹைட்ரஜனுக்கும் சேர்த்து 2. மொத்தம் 12 இணைதிறன் எலக்ட்ரான்கள். நான்கு பிணைப்புகளுக்கு 8 போய்விடும். மீதி 4, ஆக்சிஜனில் இரண்டு தனித்த ஜோடிகள்.

படி 2: கார்பனின் இனக்கலப்பு, அதாவது அணுவின் எஸ், பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் வெளிகள்) கலந்து புதிய ஆர்பிட்டால்களாவது. அணுவின் சிக்மா பிணைப்புகளையும் (இரு அணுக்களுக்கு இடையே நேர்க்கோட்டில் அமைபவை) தனித்த ஜோடிகளையும் கூட்டுங்கள். 4 வந்தால் எஸ்பி³, 3 வந்தால் எஸ்பி², 2 வந்தால் எஸ்பி. பை பிணைப்பை எண்ணக் கூடாது. இரட்டைப் பிணைப்பில் ஒன்றுதான் சிக்மா, மற்றது பை. கார்பனுக்கு மூன்று சிக்மா, தனித்த ஜோடி இல்லை. எனவே எஸ்பி², தட்டையான அமைப்பு, கோணங்கள் ஏறத்தாழ 120 பாகை.

படி 3: பை பிணைப்பு. மூலக்கூறை ஒரு தாளில் வரைந்து மேசைமேல் வையுங்கள். கார்பன் மேல் ஒரு பேனாவையும் ஆக்சிஜன் மேல் இன்னொன்றையும் செங்குத்தாக நிறுத்துங்கள். இனக்கலப்பில் சேராத பி ஆர்பிட்டால்கள் நிற்பது அப்படித்தான். அவை பக்கவாட்டில் மேற்பொருந்துவதால் பை எலக்ட்ரான்கள் தாளுக்கு மேலும் கீழும் பரவியிருக்கும்.

படி 4: ஆக்சிஜன். ஒரு சிக்மா, இரண்டு தனித்த ஜோடிகள். கூட்டினால் 3, எஸ்பி². இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தனித்த ஜோடிகளைத் தாளுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வரையாதீர்கள். அந்த இடம் ஏற்கெனவே பை பிணைப்புக்குப் போய்விட்டது. இரண்டு ஜோடிகளும் தாளின் தளத்திலேயே, கார்பனுக்கு எதிர்ப்புறமாக இருபக்கமும் சாய்ந்திருக்கும். ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்க வரும் மூலக்கூறுகள் பெரும்பாலும் இந்தத் திசைகளை ஒட்டித்தான் அணுகுகின்றன.

சரி, இரண்டு ஜோடிகளுக்கும் ஒரே ஆற்றலா? எஸ்பி² படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அவை சமமல்ல. எஸ் தன்மை அதிகமுள்ள ஜோடி பிணைப்பு அச்சின் நீட்சியில், ஆற்றல் குறைவாக, இறுக்கமாக இருக்கிறது. மற்றது ஏறத்தாழ முழுக்க பி ஆர்பிட்டால். தாளின் தளத்தில், பிணைப்பு அச்சுக்குக் குறுக்காகக் கிடக்கிறது. மூலக்கூறிலிருந்து மிக எளிதாகப் பிரிவது இந்த ஜோடியின் எலக்ட்ரான்தான். ஃபார்மால்டிஹைடில் அதற்குச் சுமார் 10.9 எலக்ட்ரான் வோல்ட் போதும். அசிட்டோன் (ஃபார்மால்டிஹைடின் இரு ஹைட்ரஜன்களுக்குப் பதில் மெத்தில் தொகுதிகள் கொண்டது) 280 நானோமீட்டர் அருகே புறஊதா ஒளியை உறிஞ்சுவதற்கும் இதே ஜோடிதான் காரணம்: அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் எதிர்ப்பிணைப்பு பை ஆர்பிட்டாலுக்கு (எலக்ட்ரான் சேர்ந்தால் பிணைப்பைத் தளர்த்தும் காலி ஆர்பிட்டால்) தாவுகிறது. அந்த ஜோடி தாளின் தளத்தில், எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலோ தாளுக்குச் செங்குத்தாக. மேற்பொருந்துதல் மிகக் குறைவு. அதனால்தான் அந்த உறிஞ்சல் பட்டை அவ்வளவு வலுவற்றதாக இருக்கிறது. திசையைச் சொல்ல எஸ்பி² படம், ஆற்றலையும் நிறமாலையையும் பேச இரண்டாவது படம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே தேவை.

படி 5: பயிற்சி. அசிட்டோன் எளிது: நடுக் கார்பன் எஸ்பி², மெத்தில் கார்பன்கள் இரண்டும் எஸ்பி³.

அப்புறம் ஃபார்மமைடைப் (ஃபார்மால்டிஹைடின் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் NH₂ உள்ளது) பாருங்கள். நைட்ரஜனில் மூன்று சிக்மா, ஒரு தனித்த ஜோடி, விதிப்படி எஸ்பி³. ஆனால் அந்த நைட்ரஜன் ஏறத்தாழ தட்டையாகத்தான் இருக்கிறது. பக்கத்திலேயே பை பிணைப்பு இருப்பதால் அதன் ஜோடி பி ஆர்பிட்டாலில் நின்று உடனிசைவில் (எலக்ட்ரான்கள் பல அணுக்களில் பரவும் நிலையில்) கலந்துவிடுகிறது. எனவே எண்ணி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஜோடிக்கு அருகே பை பிணைப்பு இருக்கிறதா? இருந்தால், பொதுவாக அந்த அணுவை எஸ்பி² என்றே கொள்ளுங்கள். கார்பனைல் ஆக்சிஜனின் ஜோடிகளோ தளத்திலேயே இருப்பதால் பை அமைப்பில் கலப்பதில்லை. ஃபார்மமைடு போன்ற அமைடை அமிலத்தில் சேர்த்தால் புரோட்டான் நைட்ரஜனை விட்டுவிட்டு ஆக்சிஜனில் போய்ச் சேர்வது இதனால்தான்.