ஸ்பானிஷ் சப்ஜங்க்டிவ்: 'நான்' வடிவத்தில் தொடங்கியதும் சரியானது

சப்ஜங்க்டிவ் என்பது விருப்பம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் வினை வடிவம். 'நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதற்கு 'கியேரோ கே ஆப்லேஸ்' என்று வர வேண்டும், நான் ஒவ்வொரு முறையும் 'ஆப்லாஸ்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் இதிலேயே போனது. முதலில் அட்டவணையை மனப்பாடம் செய்தேன், மறுநாளே ஆர் வினையும் எர் வினையும் (அகராதி வடிவம் 'ஆர்', 'எர்' என்று முடிபவை) குழம்பின. அப்புறம் அகராதி வடிவத்தில் கடைசி இரண்டு எழுத்தை வெட்டி விகுதி சேர்த்தேன். 'தெனேர்' (வைத்திருத்தல்) வந்ததும் 'தெனா' என்று தப்பாகப் போனது.

சரியானது இப்படித்தான்: நிகழ்கால 'நான்' வடிவத்தை எடுத்து, கடைசி 'ஓ'வை நீக்கி, எதிர் உயிரைப் போட வேண்டும். ஆர் வினைக்கு ஏ, எர், இர் வினைகளுக்கு ஆ. ஆப்லோ ஆப்லே ஆகும், கோமோ கோமா, எஸ்க்ரீபோ எஸ்க்ரீபா. தெனேரின் 'நான்' வடிவமான 'தெங்கோ'வில் தொடங்கினால் 'தெங்கா' தானாகவே வந்துவிடுகிறது.

பலர் தவறவிடுவது எழுத்துக்கூட்டல். 'பூஸ்கோ'வில் (தேடுகிறேன்) இருக்கும் சி (c) எழுத்தை அப்படியே விட்டு, ஏ ஒலிக்கான ஈ (e) எழுத்தைச் சேர்த்தால் 'க' ஒலி போய்விடும், அதனால் சி-க்குப் பதில் க்யூ, யு இரண்டும் வந்து 'பூஸ்கே' ஆகிறது. காதுக்கு ஒரு மாற்றமும் தெரியாது, எழுத்தில்தான் மாட்டுவோம். 'பாகோ'வும் (பணம் கொடுக்கிறேன்) இப்படித்தான், ஜீ (g) எழுத்துக்குப் பின் ஒரு யு சேர வேண்டும். சப்ஜங்க்டிவில் 'நான்' வடிவமும் 'அவன்' வடிவமும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்து நான் தப்பு என்று அழித்திருக்கிறேன், அது சரிதான்.