மலைக்கு அந்தப் பக்கம் அக்காவோடு பேச: மெஷ் ரேடியோ அனுபவம்

2025 பிப்ரவரி 28 அன்று கராஞ்ஸ் புயல் இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான எங்கள் ரியூனியன் தீவை அடித்தபோது, சென்-ஆந்த்ரேயில் எங்கள் வீட்டில் கரண்ட் போனது, செல்போன் சிக்னலும் போனது. மலைக்குள் சலாசி ஊர்ப் பக்கம் இருக்கும் அக்கா என்ன ஆனாளோ என்று அம்மா தவித்துப் போனார். அப்புறம்தான் மெஷ்டாஸ்டிக் ரேடியோக்கள் வாங்கினோம்.

இது லோரா என்னும், குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் ரேடியோ அலையில் சின்ன எழுத்துச் செய்திகளை அனுப்பும் கருவி. போனோடு புளூடூத்தில் இணையும். சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஒரு கருவிக்குக் கிடைத்த செய்தியை அது அடுத்ததற்குத் தள்ளிவிடும். இங்கே ஐரோப்பாவுக்கான 868 மெகாஹெர்ட்ஸ் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் நடுவில் மலை. செய்தி போய்ச் சேரவே இல்லை. இதற்கு உயரம்தான் மருந்து. இரண்டு பக்கமும் தெரியும் மேட்டில் இருக்கும் மாமா வீட்டு மாடியில் இன்னொரு கருவியை வைத்தோம். ஈஎஸ்பி32 சிப் பேட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும் என்பதால் என்ஆர்எஃப்52 சிப் உள்ள போர்டு, ஒரு 18650 வகை லித்தியம் பேட்டரி, சின்ன சோலார் பேனல். ஆன்டெனாவை மாட்டிய பிறகே கரண்ட் கொடுங்கள். இல்லையென்றால் ரேடியோ பழுதாகலாம். கேபிள் நுழையும் ஓட்டையைப் பெட்டியின் அடிப்பக்கம் போட்டு சிலிகான் பூசினோம். கிழக்குக் கரை மழை லேசுப்பட்டதில்லை.

ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட்தான் இடம். தமிழ் அதை வேகமாக நிரப்பும். 'நலம்' என்பதற்கே 12 பைட் ஆகிறது. அதனால் அக்கா இப்படித்தான் அனுப்புகிறாள்: "நலம். தண்ணீர் உண்டு. பாதை அடைப்பு." அம்மாவுக்கு அது போதும்.